மரத்தைத் தடவிக் கொடுத்தவன்

நசாரியோ மேசையில் ஓங்கிக் குத்தினான். சூப்புக் கிண்ணம் துள்ளியது. அதிலிருந்த உருளைக்கிழங்கு ஒன்று தரையில் விழுந்து கதவு வரைக்கும் உருண்டு போனது.

“இந்த வருஷம் மரவெட்டுல நான் யாருன்னு காட்டறேன்! ஊரே பாக்கட்டும்!”

அவன் பெண்டாட்டி எதெல்மிரா குனிந்து கிழங்கை எடுத்தாள். ஊதினாள். அவன் கிண்ணத்திலேயே திரும்பப் போட்டாள்.

“காட்டுங்க, யாரு வேண்டாம்னா? ஆனா மெதுவாக் குத்துங்க. அப்புறம் கை வலிக்குதுன்னு நாள் பூரா முனகுவீங்க, நான்தான் தைலம் தேய்க்கணும்.”

“என்னைப் பாத்தா உனக்குக் கிண்டலா இருக்கா?”

“உங்களைப் பாத்தா எனக்கு ஒண்ணுமே இல்லைங்க. அதான் பிரச்சினை.”

நசாரியோவுக்குக் காதில் புகை வந்தது. இது நேற்றே மூண்ட கோபம். பெண்டாட்டி ஊர் நடுவே வைத்து மூட்டிவிட்ட கோபம்.

நேற்று மச்சான் சோசிமோ வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். சோசிமோ எதெல்மிராவின் அண்ணன். இந்த வருஷ மரவெட்டு உபயம் அவருடையது. தைலமரத்தின் கிளைகளில் கட்டித் தொங்கவிடப் போகிற போர்வை, பிளாஸ்டிக் வாளி, சட்டி, கரண்டி எல்லாவற்றுக்கும் பெண்கள் வண்ண நாடா சுற்றிக்கொண்டிருந்தார்கள். எதெல்மிரா தன் பங்குக்கு ஒரு பெரிய அலுமினிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். ஒரு ஆட்டை முழுசாக உள்ளே உட்கார வைத்து மூடி போடலாம், அவ்வளவு பெரிசு.

“இதை எதுக்கு மரத்துல கட்டறே? யார் தலையிலயாவது விழுந்தா?” என்று நசாரியோ பதறினான்.

“விழணும்னுதான் கட்டறேன்” என்றாள் அவள்.

அதோடு விட்டிருந்தால் அவன் பேசாமல் வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பான். ஆனால் சோசிமோ சோளக்கள் குடுவையைக் கீழே வைத்துவிட்டு, “இந்த வருஷம் மரம் யார் கையில சாயப் போகுதோ, எந்தப் புண்ணியவான் என்னை விடுவிக்கப் போறானோ” என்று பெருமூச்சு விட்டார்.

மரவெட்டு என்றால் சும்மா இல்லை. கார்னிவல் திருவிழா வாரத்தில் ஊர்ச் சதுக்கத்தில் முழு மரத்தை நட்டு, சாக்ஸபோன்காரர்கள் ஊத, ஜோடி ஜோடியாக அதைச் சுற்றி ஆடுவார்கள். ஜோடிக்கு மூன்று வெட்டு. மரம் சாய்ந்ததும் அதில் தொங்குவதை யார் ஓடி எடுக்கிறார்களோ அது அவர்களுக்கு. யார் வெட்டில் மரம் சாய்கிறதோ அவர்கள் தலையில் அடுத்த வருஷ உபயம். மரம், வாத்தியம், குடி, ஊர் முழுக்க உட்கார வைத்துச் சோறு, எல்லாம் அவர்கள் பாடு. அதனால் பூக்காபம்பா ஊரில் வருஷா வருஷம் ஒரு கூத்து நடக்கும். மரம் தடியாக இருக்கும் வரைக்கும் ஆளாளுக்கு வீரன். மரம் மெலிய மெலிய ஊரின் வீரமும் மெலியும். கடைசியில் கோடாலியை மரத்தின் மேல் வைத்து எடுப்பார்கள், வெண்ணெய் தடவுகிற மாதிரி. எவனாவது போதையில் ஒரு அடி கூடுதலாகப் போட்டால் தொலைந்தான்.

சோசிமோ பெருமூச்சு விட்டதும் எதெல்மிரா நாடாவைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே சொன்னாள்: “யார் கையில வேணாலும் சாயும் அண்ணே. என் வீட்டுக்காரர் கையில மட்டும் சாயாது. அவர் மரத்தை வெட்ட மாட்டார், தடவிக் குடுப்பார். காய்ச்சல்ல கிடக்கற பிள்ளை நெத்தியத் தொட்டுப் பாப்பமே, அந்த மாதிரி.”

முற்றம் அதிர்ந்தது. ஒரு கிழவருக்குப் புரையேறி, நாலு பேர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. நசாரியோ தொப்பியை எடுத்துத் தலையில் அமுக்கிக்கொண்டு வெளியேறினான். அப்போதும் கூட, வாசல்படி ஈரமாக இருக்கிறதே, வழுக்குமோ என்று ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான். அதைப் பார்த்து இன்னொரு முறை சிரித்தார்கள்.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நசாரியோவுக்குப் பயம் இல்லாத பொருள் இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. மீனில் முள் இருக்கும் என்று மீன் தின்ன மாட்டான். மேகம் மறந்துபோய் வந்துவிடும் என்று வெயில் காலத்தில் மழைக்கோட்டு எடுத்துப் போவான். பஸ்ஸில் ஏறினால் பின்கதவுப் பக்கம்தான் உட்காருவான். அந்தக் கதவு திறக்கிறதா என்று டிரைவரைத் திறந்து காட்டச் சொல்லுவான். பிழைப்பும் அதற்குத் தோதாகவே அமைந்தது: பூட்டுக் கடை. ஊரிலுள்ள பயத்தையெல்லாம் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தான். இந்த மாதிரி ஆட்களைப் பார்த்தால் எனக்கே கை பரபரவென்று வரும். அவனோடு படுத்து எழுந்து சமைத்துப் போட்டவளுக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

நசாரியோ சூப்பைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்ல உனக்கு என்னடி தகுதி இருக்கு? ஒம்பது வயசுல நான் என்ன பண்ணினேன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“மரம் சாயறப்ப ஊரே பின்னாடி ஓடுச்சு. நான் மட்டும் உள்ளே ஓடினேன்! மரம் தரையைத் தொடறதுக்குள்ள உச்சாணிக் கிளையில இருந்த சிவப்புக் கம்பளிய உருவிக்கிட்டு வெளிய வந்தேன்!”

“தெரியும்னு சொல்றேன்ல. கல்யாணம் ஆன நாள்லேருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். அந்தக் கம்பளி நைஞ்சு நூலாப் போச்சு, கதை மட்டும் இன்னும் கிழியல.”

“கிண்டல்!”

“கிண்டல் இல்லைய்யா, வயித்தெரிச்சல்!” எதெல்மிரா கரண்டியைச் சட்டிக்குள் வீசினாள். “அன்னிக்கு நானும் அங்கதான் நின்னேன். சின்னப் பிள்ளை. குளிர்ல நடுங்கிக்கிட்டு. நீங்க கம்பளியோட வெளிய வந்து, யாரு எவருன்னு தெரியாம என் தோள்ல போட்டுட்டு, திரும்பிக்கூடப் பாக்காம வாளி எடுக்க ஓடினீங்க. அந்தப் பயலைத்தான் நான் கட்டிக்கிட்டேன். அந்தப் பயலை எங்கய்யா பூட்டி வெச்சிருக்கீங்க?”

நசாரியோ வாயைத் திறந்தான். பதில் வராதபோது எல்லா ஆண்களும் செய்வதையே அவனும் செய்தான். குரலை உயர்த்தினான்.

“நீ எங்க சுத்தி எங்க வரேன்னு எனக்குத் தெரியும்! ரோட்டோர இடத்துக்குத்தானே அடி போடறே?”

“ஆமா, அதுக்குத்தான். என்னங்கறீங்க இப்ப?”

ரோட்டோர இடம் எதெல்மிராவின் அப்பா அவளுக்கு எழுதி வைத்தது. லிமா போகிற பஸ்ஸெல்லாம் மூச்சு வாங்க நிற்கிற வளைவில், மண்சுவர் எடுத்த பெரிய வளாகம். அங்கே குழியடுப்பு போட்டு, காயவைத்த கல்லை அடுக்கி, மண்ணுக்குள் கறியும் கிழங்கும் வேகவைத்து விற்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் கையால் வெந்த குழிக்கறிக்கு அடுத்த ஊர்க்காரர்கள் கல்யாணத் தேதியையே மாற்றுவார்கள். ஆனால் கேட்கும்போதெல்லாம் நசாரியோ சொல்வது ஒன்றுதான்: அடுத்த வருஷம் பார்க்கலாம். பஸ் நிற்காமல் போனால்? கறி வேகாமல் போனால்? வெந்த பிறகு ஆள் வராமல் போனால்? வந்தவன் கல்லைத் தின்று பல்லை உடைத்துக்கொண்டால்? இப்படி ஆயிரம் ‘போனால்’. கடைசியில் தன் கடையிலேயே இருந்ததில் ஆகப் பெரிய பூட்டை எடுத்துப்போய் அந்த வாசலில் மாட்டிவிட்டு, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். கடைக்கு வருகிறவர்களிடம் அதே ரகத்தைக் காட்டி, “காளை முட்டினாலும் திறக்காது” என்று சொல்லி விற்பான்.

“அடுத்த வருஷம் பாக்கலாம்னு நான் சொன்னேனா இல்லையா?” என்று கத்தினான்.

“சொன்னீங்க. என் தலை கறுப்பா இருந்தப்பவும் சொன்னீங்க, நரைச்சப்பவும் சொல்றீங்க. பயந்து பயந்து நீங்க சாகறது உங்க இஷ்டம். என்னை எதுக்கு அந்தப் பூட்டுக்குள்ள போட்டு வெச்சிருக்கீங்க?”

அவன் கதவை அறைந்து சாத்திக்கொண்டு கடைக்குப் போனான். பாதி வழியில் திரும்பி வந்து, சாத்திய கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். உள்ளேயிருந்து அவள் சிரித்த சத்தம் கேட்டது. மறுபடி போனான்.

கடையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தான். வீரன் என்று பேர் வாங்க வேண்டும். உபயம் தலையில் விழக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கத்தானே வேண்டும்? பூட்டு விற்கிறவனுக்குச் சந்து தெரியாதா? மத்தியானத்துக்குள் திட்டம் தயார். மரம் தடியாக இருக்கும்போது முதல் சுற்றுகளில் பேயாக வெட்டுவது. சில்லு பறக்க வேண்டும், பெண்கள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு விலக வேண்டும், ஊர் வாயைப் பிளக்க வேண்டும். மரம் பாதி மெலிந்ததும் கணுக்கால் பிசகிவிடும். “ஐயோ, என்ன வெட்டு வெட்டினான், பாவம், கால் போச்சே” என்று ஊரே உச்சுக் கொட்டும். அவன் பெஞ்சில் காலை நீட்டிப் பீர் குடிப்பான். மரம் வேறு எவன் தலையிலாவது சாயட்டும்.

ஒரே ஒரு ஆபத்துதான் அவனுக்குத் தெரிந்தது. எதெல்மிரா. ஜோடியில் யார் வேண்டுமானாலும் கோடாலி பிடிக்கலாம். அவன் வீட்டில் விறகு பிளப்பது அவள்தான். சில்லு கண்ணில் தெறிக்கும் என்று அவன் அந்தப் பக்கமே போவதில்லை. அவள் கையில் கோடாலி போனால் மரம் வாழைத்தண்டு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டான்.

“இங்க பாரு. நம்ம ஜோடிக்கு உள்ள வெட்டு அத்தனையும் நான்தான் வெட்டுவேன். நீ கோடாலியத் தொடக் கூடாது.”

“சரிங்க.”

“விரல் நுனி கூடப் படக் கூடாது.”

“படாதுங்க. நான் எதுக்குத் தொடறேன்? அது ஆம்பளைங்க விஷயம்.”

அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொல்லி அவன் கேட்டதே இல்லை. அப்போதாவது அவனுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து இரண்டாவது தட்டுச் சோறு வாங்கித் தின்றான்.

மரவெட்டு அன்று மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. சதுக்கத்தின் நடுவே சோசிமோ நட்டிருந்த தைலமரம் ஆள் கட்டிப் பிடிக்க முடியாத பருமன். கிளை கிளையாகப் போர்வையும் வாளியும் காகிதச் சுருளும் ஆடின. உச்சியில் எதெல்மிராவின் அண்டா பளபளத்தது. ஆண்கள் கோட்டும் தொப்பியும் போட்டு, பெண்கள் பூவேலை செய்த வெல்வெட்டுப் பாவாடையில், ஒருவர் முகத்தில் ஒருவர் கை நிறையப் பவுடரை அப்பிக்கொண்டு ஆடினார்கள். மைக் பிடித்தவன் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று வருகிறவர் போகிறவரையெல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

“இதோ வர்றார் பூட்டுக்கடை நசாரியோ! ஐயா, கோடாலி கூராயிருக்கும், கையுறை வேணுமா? தலைக்குக் கவசம்? பாதிரியாரைக் கூப்பிடட்டுமா?”

நசாரியோவுக்கு ரத்தம் தலைக்கேறியது. கோடாலியைப் பிடுங்கினான். ஓங்கினான். முதல் வெட்டில் உள்ளங்கையளவு சில்லு பறந்து சாக்ஸபோன்காரனின் மடியில் விழுந்தது. இரண்டாம் வெட்டு. மூன்றாம் வெட்டு. மைக்காரனுக்குப் பேச்சு நின்றுபோனது. சோசிமோ ஓடி வந்து, “மச்சான், நீதானா இது!” என்று கட்டிக்கொண்டார். நசாரியோ மீசையைத் தடவிக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கைக்குட்டையை வீசி ஆடிக்கொண்டே, “அடேயப்பா” என்றாள். அது பாராட்டா நக்கலா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று, ஒவ்வொன்றிலும் அவன் வெட்டு பேசப்பட்டது. பீர் கொண்டுவந்து கையில் திணித்தார்கள். ஊரிலுள்ள இளவட்டமெல்லாம் அவன் முதுகில் தட்டியது. மரத்தின் இடுப்பு வற்றிக்கொண்டே வந்தது. அதோடு ஊரின் கையும் தளர்ந்தது. முதலில் சில்லு பறந்த இடத்தில் இப்போது தூள் உதிர்ந்தது. இறைச்சிக் கடைக்காரர் கோடாலியை மரத்தின்மேல் சாய்த்துவிட்டு, “ஆச்சு, மூணு ஆச்சு” என்று ஓடினார். இதுதான் நேரம் என்று நசாரியோ ஆடிக்கொண்டே போய் ஒரு சேற்றுக் குழியில் காலை வைத்தான்.

“ஆஆ! கணுக்கால்!”

“ஐயையோ!” என்று எதெல்மிரா ஓடி வந்தாள். அவனைத் தாங்கலாக நடத்திப்போய் பெஞ்சில் உட்கார வைத்தாள். பூட்ஸைக் கழற்றினாள். எந்தக் கால் என்று கேட்கவே இல்லை. வலது காலை எடுத்து மடியில் வைத்துத் தேய்த்தாள். அவனும் வலிக்கிறது வலிக்கிறது என்றான். சேற்றில் வைத்தது இடது கால்.

“ரொம்ப வலிக்குதா?”

“உசிர் போகுது.”

“அப்ப நீங்க இங்கயே இருங்க. ஜோடி இல்லாம சுத்து நிக்கக் கூடாது. நான் போய் இறைச்சிக்கடைக்காரரோட ஆடறேன். அவர் சம்சாரம் களைச்சுப் போய் உக்காந்துட்டா. பாவம், அவர் தனியா நிக்கறார்.”

நசாரியோ பெஞ்சிலிருந்து எழுந்த வேகத்தில் பெஞ்சே கவிழ்ந்தது.

“அந்தத் தடியனோடயா? ஒரு மண்ணும் வேண்டாம்! கால் சரியாப் போச்சு!”

“வலிக்குதுன்னீங்க?”

“போச்சுன்னு சொல்றேன்ல! பூட்ஸை எடு!”

மறுபடி வட்டத்துக்குள் வந்தான். அவர்கள் முறை வந்தது. கோடாலி கைக்கு வந்தது. மரம் அவன் தொடைப் பருமன்தான் இருந்தது, காற்றடித்தால் முனகியது. உச்சியில் அண்டா கிணுகிணுத்தது. ஊர் முழுக்கக் குரூரமான சந்தோஷத்தோடு அமைதியானது. அடுத்தவன் மாட்டிக்கொள்வதைப் பார்க்க எல்லோருக்கும் அவ்வளவு ஆசை.

நசாரியோ முதல் வெட்டை வைத்தான். வெட்டினான் என்று சொல்ல முடியாது. வைத்தான்.

“தடவறார்! தடவறார்!” என்று மைக்காரன் கூவினான். சிரிப்பு.

இரண்டாவதை அதைவிட மெதுவாக வைத்தான். ஒரு எறும்புகூட விலகியிருக்காது. இன்னும் ஒன்றுதான். அதையும் வைத்துவிட்டால் தப்பித்தான்.

எதெல்மிரா கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு அவனைச் சுற்றி வந்தாள். காதருகே நின்றாள்.

“ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். சரி, வேண்டாம். வீட்டுல கேக்கறேன்.”

“என்ன? கேளு.”

“வேண்டாங்க. கோபப்படுவீங்க.”

“நான் எப்பக் கோபப்பட்டேன்?” என்று கோபமாகக் கேட்டான்.

“இல்ல, அந்தச் சிவப்புக் கம்பளி. அதை எடுத்தது நீங்க இல்லையாமே?”

நசாரியோவுக்கு ஒரு நொடி எதுவும் கேட்கவில்லை. சாக்ஸபோன் சத்தம் எங்கோ போய்விட்டது.

“என்ன சொன்னே?”

“நான் சொல்லலைங்க, அண்ணன் சொல்றார். எடுத்தது அவர்தானாம். நீங்க ஓரமா நின்னு அழுதுக்கிட்டு இருந்தீங்களாம். பாவமா இருக்கேன்னு உங்க கையில குடுத்தாராம். நானும் பவுடர் புகையில சரியாப் பாக்கல. இருந்தாலும் இருக்கும், என்னங்க?”

“என்னது? அழுதேனா? நானா?”

“அதனால என்ன, சின்ன வயசுதானே. யாருக்குத்தான் பயமில்ல.”

அவ்வளவுதான். நசாரியோவிடம் அந்த ஒன்றுதான் இருந்தது. மழைக்கோட்டும் பின்கதவும் மீன்முள்ளும் நிறைந்த இத்தனை வருஷ வாழ்க்கையில், இது நான், இது என்னுடையது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல அந்த ஒரு கம்பளிதான் இருந்தது. அதையும் பிடுங்குகிறார்களா? அதுவும் மச்சானா? படுபாவி! எதிரே சோசிமோ ஒன்றும் அறியாதவராகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நசாரியோவுக்குக் கண் இருண்டது.

“நான்தாண்டா எடுத்தேன்!” என்று அலறிக்கொண்டு கோடாலியை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி, ஐம்பது வருஷக் கோபத்தையும் சேர்த்து இறக்கினான்.

மரம் ஒரு முறை முனகியது. பிறகு படபடவென்று முறிந்தது.

ஊர் பின்னால் பாய்ந்தது. தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். மைக்காரன் பெட்டியோடு சரிந்தான். நசாரியோ கோடாலியை எறிந்தான். தொப்பியை எறிந்தான். “யாருடா அழுதது? பாருங்கடா!” என்று கத்திக்கொண்டு, சாய்கிற மரத்துக்கு அடியிலேயே ஓடினான்.

உள்ளே இலையும் காகிதமும் நாடாவும் அவன் மேல் கொட்டின. முகத்தில் கிளை விளாசியது. அவனுக்குப் பயமே இல்லை. பயப்பட வேண்டும் என்ற ஞாபகமே வரவில்லை. மேலேயிருந்து பளபளவென்று ஏதோ இறங்கியது, கையை நீட்டினான், பிடித்தான், பக்கவாட்டில் தாவினான். அவனுக்குப் பின்னால் மரம் தரையில் மோதிச் சேறு தெறித்தது.

இலைக்குவியலைப் பிளந்துகொண்டு நசாரியோ வெளியே வந்தான். கோட்டில் ஒரு கை இல்லை. மூக்கில் ரத்தம். நெஞ்சோடு அணைத்த அண்டா. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். வயிறு குலுங்க, பல்லெல்லாம் தெரிய, நிறுத்த முடியாமல் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அந்த ஊரில் நிறையப் பேர் பார்த்ததே இல்லை. எதெல்மிரா பார்த்திருந்தாள். அவள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பவுடர் என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

அவன் நேராக வந்து அண்டாவை அவள் காலடியில் வைத்துவிட்டுச் சோசிமோவின் கழுத்துப்பட்டையைப் பிடித்தான்.

“இப்பச் சொல்லுய்யா! கம்பளிய எடுத்தது யாரு?”

“நீதான்” என்று சோசிமோ விழித்தார். “ஊருக்கே தெரியுமே. நான் அன்னிக்கு அம்மை போட்டு வீட்டுல கிடந்தேன். ஏன், யார் என்ன சொன்னது?”

நசாரியோவின் பிடி மெதுவாகத் தளர்ந்தது. மெதுவாகவே திரும்பினான். எதெல்மிரா அண்டாவில் ஒட்டியிருந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், மும்முரமாக. அதற்குள் நாலு பேர் அவனைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். சோசிமோ தன் தோளிலிருந்த உபயப் பட்டையைக் கழற்றி, விட்டால் போதும் என்கிற அவசரத்தில், அவன் தோளில் மாட்டினார். “அடுத்த வருஷம் நசாரியோ வீட்டுச் சோறு!” என்று மைக்காரன் தரையில் கிடந்தபடியே அறிவித்தான்.

இறக்கிவிட்டதும் நசாரியோவின் சிரிப்பு போய்விட்டது. பழைய கோபம் சொந்த வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி முகத்துக்கு வந்து சேர்ந்தது.

“பொய் சொன்னியாடி?”

“ஆமாங்க.”

“கூசாம ஆமாங்கறே! என்னை வேணும்னே வெறியேத்தி...”

“உங்களை வேற எப்படி ஏத்தறது? நல்லபடியா இத்தனை வருஷம் சொல்லிப் பாத்தாச்சு. கோபம் வந்தாத்தான் உங்களுக்குப் பயம் மறக்குது. நான் என்ன பண்ணட்டும்?”

“ஊர் முழுக்கச் சோறு போடணும்! எங்கடி போடுவே? நம்ம முற்றத்துல நாலு கோழி சேந்தாப்ல நிக்க முடியாது!”

“ரோட்டோர இடம் இருக்கே. குழியடுப்பு போட்டா ஊருக்கே வேகும். ஊருக்கு ஒரு நாள் போட்டுட்டு அடுப்பை அணைப்பானேன்? பஸ்ஸுக்கும் போடுவோம். அண்டா வேற கிடைச்சாச்சு.”

அண்டா எதற்கு என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. தலை கிறுகிறுத்தது. ஆனால் உடனே கழுத்துக்குக் கை போனது. கயிறு இருந்தது. கயிற்றில் சாவி இருந்தது. நசாரியோ நிமிர்ந்தான். சாவியை எடுத்து அவள் மூக்குக்கு நேரே ஆட்டினான்.

“நடக்காதுடி. வாசல்ல இருக்கறது யார் பூட்டு? காளை முட்டினாலும் திறக்காது. சாவி என் கழுத்துல இருக்கு. நான் திறந்தாத்தானே நீ அடுப்பு போடுவே?”

எதெல்மிரா அண்டாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“குழி தோண்டிக் கல் அடுக்கியே மாசக்கணக்காச்சுங்க. காளைக்குத்தான் திறக்காது, கொண்டை ஊசிக்குத் திறந்துக்கிச்சு.”